பரஞ்சோதியார் சிறுத்தொண்டர் ஆனது



திருத்தொண்டர் புராணம் போற்றும் அடியார்களுள் குயவர் உளர், ஏகாலியர் உளர், வணிகர் உளர், வேடர் உளர், முடிமன்னரும் உளர். அவர்களுள் பெரும்பாலோர் தத்தம் தொழிலில் நின்றபடியே தொண்டு செய்தார்கள். திருநீலகண்டர் ஓடு வனைந்தார். திருக்குறிப்புத்தொண்டர் ஆடை வெளுத்தார். அதிபத்தர் வலை வீசினார். செய்து வந்த தொழிலை விட்டு வேறொன்றை மேற்கொண்டவர் சிலரே. அச்சிலருள்ளும், பகைவன் தலைநகரை அழித்துப் பெருவெற்றியோடு மீண்டு, வேந்தன் வியந்து நின்ற வேளையில் படைத்தலைமையை விட்டு ஊர் திரும்பியவர் ஒருவர் உண்டு. அவரே திருச்செங்காட்டங்குடிப் பரஞ்சோதியார். உலகம் அவரைச் சிறுத்தொண்டர் என்று அறியும்.

விழாக்களில் இவர் வரலாற்றைப் பேசுவோர் பிள்ளையைக் கறி சமைத்த பகுதிக்கு விரைந்து சென்றுவிடுவர். கேட்போரும் அதற்கே காத்திருப்பர். அப்பகுதி நெஞ்சை உருக்குவது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதற்கு முன் நிகழ்ந்த ஒன்று உண்டு. யானை மேல் இருந்து ஆணையிட்ட ஒருவர், அந்த ஆணையையும் அதன் ஊதியத்தையும் அதனால் வந்த பெயரையும் விட்டு, அடியார்க்குச் சோறு இடும் பணிக்கு வந்தார். அந்த வருகை எத்தகையது, அதனால் அவர் இழந்தது என்ன, எய்தியது என்ன என்பதையே இன்று சிந்திக்க விழைகின்றோம்.

வாள் ஏந்திய நாடு

இவ்விழா நிகழும் கள்ளக்குறிச்சியும், மேற்கே அரண் போல் நிற்கும் கல்வராயன் மலையும் நடுநாட்டைச் சேர்ந்தவை. சோழநாட்டிற்கும் தொண்டைநாட்டிற்கும் நடுவே அமைந்தமையால் இப்பெயர். இரு பேரரசுகளுக்கு இடையே கிடக்கும் நிலத்திற்குப் போர் புதிதன்று. கல்வராயன் மலைக்கு வடக்கே செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் பல கிடைத்துள்ளன. அவற்றுள் சில முதலாம் மகேந்திரவர்மனுடைய ஆட்சியாண்டைக் குறிப்பவை. ஆநிரை மீட்கச் சென்று பட்டவன், ஊரைக் காத்து நின்று பட்டவன் என வீரர் பெயர்கள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு மேலாகக் கல்லில் நிற்கின்றன. ஆனால் கல்லில் பெயர் பெற வேண்டுமாயின் வீரன் களத்தில் இறந்திருக்க வேண்டும். உயிரோடு திரும்பி வந்து ஏர் பிடித்தவனுக்கு நடுகல் இல்லை. இதனை நினைவில் இருத்திக்கொள்ளல் வேண்டும்.

திரும்பி வாராத வீரர் ஒருவரைச் சேக்கிழார் பெருமானும் நமக்குக் காட்டுகின்றார். திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் தோன்றிய திலகவதியாருக்கு மணம் பேசப்பட்டவர் கலிப்பகையார். அவர் வேந்தனுடைய படைத்தலைவர். வடபுலத்துப் பகைவரை எதிர்க்கச் சென்றவர் களத்திலேயே உயிர் நீத்தார். செய்தி கேட்ட திலகவதியார் தாமும் உயிர் விடத் துணிந்து, தம்பியாகிய மருணீக்கியார் பொருட்டு உயிர் தாங்கினார். அத்தம்பியே பின்னாளில் திருநாவுக்கரசர் ஆனார். அம்மையார் திருவதிகைக் கோயிலில் அலகிட்டு, மெழுகிட்டு, மலர் தொடுத்து வாழ்ந்தார். போர் கொண்டுபோனவர் ஒருவர். எஞ்சி நின்றவர் கையில் இருந்ததோ துடைப்பமும் பூக்கூடையும். சிறிய தொண்டு என்பது யாது என்று நடுநாடு இவ்வாறு முன்னமே கற்றிருந்தது.

இன்னும் ஒன்று. திருக்கோவலூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. 2019-ஆம் ஆண்டு விழுப்புரத்தினின்று பிரிந்து அமைந்த மாவட்டம் இது. அத்திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைத் திருநீற்று வேடத்தில் வந்து முத்தநாதன் குத்தினான். காவலனாகிய தத்தன் வாளை ஓங்கினான். நாயனார் அவனைத் தடுத்து, குத்தியவனை ஊர் எல்லை கடக்கப் பத்திரமாகக் கொண்டுபோய் விடுமாறு பணித்தார். தத்தன் அவ்வாறே செய்து மீண்டான். வாளை ஓங்குவதற்கு ஒரு வீரம் வேண்டும். ஓங்கிய வாளைத் தாழ்த்தி, வெட்ட வேண்டியவனுக்கே வழித்துணையாகச் செல்வதற்கு அதனினும் பெரிய வீரம் வேண்டும். அவ்வீரம் கண்ட மண் இது.

இம்மண்ணில் பிறந்த சுந்தரமூர்த்தி சுவாமிகள்தாம் சிறுத்தொண்டர் பெயரைத் திருத்தொண்டத்தொகையில் வைத்துப் போற்றினார். திருநாவலூர் அவரது அவதாரத் தலம். அவரை மகவாக ஏற்று வளர்த்தவரோ நரசிங்கமுனையரையர் என்னும் குறுநில மன்னர். ஆதலின் காவிரிக் கரை நாட்டுப் படைத்தலைவர் கதையை நடுநாட்டில் இருந்து பேசுவது அயலார் கதை பேசுவதாகாது.

வாதாபிப் போர்

கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்னாட்டில் இரு வல்லரசுகள் மோதிக்கொண்டிருந்தன. ஒன்று காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட பல்லவ அரசு. மற்றொன்று வாதாபியைத் தலைநகராகக் கொண்ட சாளுக்கிய அரசு. வாதாபி என்பது இன்றைய கருநாடகத்துப் பாதாமி. ஏறத்தாழ 610-இல் அரியணை ஏறிய இரண்டாம் புலிகேசி வடக்கே ஹர்ஷனையே தடுத்து நிறுத்தியவன். அவன் தெற்கு நோக்கிப் படை நடத்திப் பல்லவ நாட்டினுள் புகுந்தான். பல்லவன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்தான் என்று 634-ஆம் ஆண்டு ஐஹொளெக் கல்வெட்டில் அவனுடைய புலவர் இரவிகீர்த்தி எழுதிவைத்தார்.

மகேந்திரவர்மனுக்குப் பின் வந்த முதலாம் நரசிம்மவர்மன் அந்தப் பழியைத் துடைத்தான். பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் புலிகேசி தோற்று ஓடினான் என்று கூரம் செப்பேடு கூறும். ஓடியவன் முதுகையே ஏடாகக் கொண்டு, வெற்றி என்னும் சொல்லை நரசிம்மவர்மன் எழுதினான் என்று அச்செப்பேடு பெருமிதம் கொள்ளும். இலங்கையினின்று அடைக்கலம் புகுந்து காஞ்சியில் இருந்த மானவர்மன் என்னும் இளவரசன் அவனுக்குத் துணை நின்றான் என்று சூளவமிசம் கூறும். 642-இல் வாதாபி வீழ்ந்தது. அந்நகரின் பாறை ஒன்றில் நரசிம்மவர்மன் பொறித்த கல்வெட்டு இன்றும் உள்ளது. ‘வாதாபி கொண்டவன்’ என்பது அவனுக்குப் பெயராயிற்று.

செப்பேடுகள் யாவும் அரசனையே பாடுகின்றன. வாதாபியின் மதிலை இடித்த தளபதி யார் என்று ஒரு செப்பேடும் சொல்லவில்லை. அதைச் சொன்னவர் ஐந்நூறு ஆண்டுகள் கழித்துத் தோன்றிய சேக்கிழார். அவரோ அரசன் பெயரைச் சொல்லாது விட்டு, தளபதி பெயரைச் சொன்னார். வாதாபி என்னும் அந்த ஒரு சொல்லைக் கொண்டு வி. வெங்கையா முதலிய கல்வெட்டறிஞர் இரண்டையும் இணைத்தனர். சிறுத்தொண்டர் காலத்தவர் திருஞானசம்பந்தர். அவர் செங்காட்டங்குடிப் பதிகத்தில் சிறுத்தொண்டரைப் பெயர் சுட்டிப் போற்றியிருக்கின்றார். ஆதலின் சம்பந்தப் பெருமான் காலம் ஏழாம் நூற்றாண்டு என்று உறுதி பெறுவதற்கும் இப்படைத்தலைவரே சான்றானார்.

வாதாபியினின்று பரஞ்சோதியார் கணபதி திருவுருவத்தைக் கொண்டுவந்தார் என்று நாட்டில் ஒரு வழக்கு உண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனையால் அது எங்கும் பரவியது. சேக்கிழார் அதனைக் கூறவில்லை. யானைகளையும் குதிரைகளையும் மணிகளையும் நிதியையும் கொண்டுவந்து வேந்தன் முன் வைத்தார் என்றே அவர் கூறுகின்றார். யாமும் அந்த அளவில் நிற்கின்றோம்.

வேந்தன் விடை கொடுத்தது

பரஞ்சோதியார் மாமாத்திரர் குலத்தில் தோன்றியவர். மருத்துவ நூலும் வடநூற் கலைகளும் கற்றவர். படைக்கலப் பயிற்சியும் யானையேற்றமும் குதிரையேற்றமும் வல்லவர். இத்தனை கற்ற பின்பும், கற்றதன் பயன் இறைவன் திருவடியே என்று தெளிந்தவர். அடியார்க்கு ஆட்செய்வதும் அரசனுக்குப் படை நடத்துவதும் அவரிடம் ஒருங்கே நிகழ்ந்தன. ஒன்று மற்றொன்றுக்குத் தடையாக இருந்ததில்லை.

வாதாபியினின்று மீண்டவரை வேந்தன் வியந்து பாராட்டினான். அவையில் இருந்த அமைச்சர்கள், இவர் சிவபெருமானுக்கு அடிமைத் திறம் பூண்டவர். ஆதலின் இவரை எதிர்ப்பார் இவ்வுலகில் இல்லை என்றார்கள். கேட்ட வேந்தன் மகிழவில்லை, நடுங்கினான். இறைவனுக்குத் தொண்டராகிய ஒருவரை அறியாது கொடிய போர் முனைக்கு அனுப்பிவிட்டேனே என்று வருந்தி, பிழை பொறுக்குமாறு தன் தளபதியை இறைஞ்சினான். பரஞ்சோதியாரோ, என் குலத்திற்கு உரிய பணியைச் செய்தேன், இதில் தீங்கு யாது என்று பணிவுடன் விடையிறுத்தார். வேந்தன் அவருக்கு நிதியும் வாழ்வுக்கு வேண்டும் விருத்தியும் அளித்து, இனி உம் திருத்தொண்டையே செய்வீராக என்று வேண்டி வழிவிட்டான்.

இந்நிகழ்ச்சியில் மூன்று நுட்பங்கள் உள்ளன.

முதலாவது, பரஞ்சோதியார் படைத்தொழிலைப் பழிக்கவில்லை. களத்தைக் கண்டு அஞ்சி விலகியவர் அல்லர் அவர். தோல்வியால் துரத்தப்பட்டவரும் அல்லர். சைவம் வாள் ஏந்தியவரை ஒதுக்கியதுமில்லை. திருநீடூர் முனையடுவார் கூலி பெற்றுப் போர் செய்தார். பெற்ற கூலியை அடியார்க்கே அளித்தார். நாட்டியத்தான்குடிக் கோட்புலியார் சோழன் படைத்தலைவராகவே இருந்து, பெற்ற ஊதியத்தைத் திருவமுதுக்குரிய நெல்லாகக் குவித்தார். அவர்கள் படையை விடவில்லை. நாயன்மார் வரிசையில் அவர்களும் உளர். ஆதலின், படையை விட்டதனால் மட்டும் பரஞ்சோதியார் பெரியவர் ஆகவில்லை.

இரண்டாவது, விடுதலையை வேண்டிப் பெற்றவர் அவரல்லர். வேந்தனே முன்வந்து அளித்தான். அக்காலத்து அரசர் தம் தளபதிகளை நடத்திய முறையை நோக்க இதன் அருமை விளங்கும். 640-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்நாட்டில் பயணம் செய்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், புலிகேசியின் நாட்டு வழக்கம் ஒன்றைக் குறித்திருக்கின்றார். தோற்று வந்த தளபதியைத் தண்டிப்பதில்லையாம். பெண்கள் உடுக்கும் ஆடையை அவன் கையில் கொடுப்பார்களாம். அவன் நாணித் தானே உயிர் விடுவானாம். வாதாபியில் தளபதியின் மானம் வெற்றி ஒன்றிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. காஞ்சியிலோ வெற்றி பெற்ற தளபதியின் முன் வேந்தனே பிழை பொறுக்க வேண்டி நின்றான்.

மூன்றாவது, வேந்தன் வெறுங்கையோடு அனுப்பவில்லை. உழைப்பைப் பெற்றுக்கொண்டு, போய் வருக என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புவது அரசநீதி ஆகாது. பின்னர் வாழ்வதற்கும், விரும்பிய பணியைச் செய்வதற்கும் வேண்டுவன அளித்தான்.

புதிய பணி

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் இவ்வரலாற்றைச் சொல்லி முடித்தபோது, படையில் பணி முடித்து வந்த பெரியவர் ஒருவர் எம்மிடம் வந்தார். “ஐயா, பட்டாளத்தை விட்டு வந்தப்புறம் அவர் என்ன வேலை பார்த்தார்?” என்று கேட்டார். பிள்ளைக்கறியைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்டவர் உண்டு. இக்கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவரே. படையை விட்டு வந்தவர்க்கே அது தோன்றும் போலும்.

விடை சேக்கிழாரிடம் உள்ளது. பரஞ்சோதியார் தம் ஊராகிய செங்காட்டங்குடிக்கு வந்து கணபதீச்சரத்து இறைவனை வணங்கினார். திருவெண்காட்டு நங்கை என்னும் அம்மையாரை மணந்து இல்லறத்தில் நின்றார். நாள்தோறும் அடியார் ஒருவருக்கேனும் முன்னர் அமுது செய்வித்துப் பின்னரே தாம் உண்பது என்று நியமம் கொண்டார். அடியார் வாராத நாளில் தாமே தேடிச் சென்றார். இதுவே அவர் மேற்கொண்ட புதிய பணி.

இப்பணியின் தன்மையை எண்ணிப் பாருங்கள். படைத்தலைவர் அழைத்தால் ஆயிரம் பேர் வருவர். இங்கே இவர் சென்று அழைத்தாலும் அடியார் வந்தால்தான் வந்தார். அங்கே பிறர் இவர் முகக்குறிப்பை நோக்கி நின்றனர். இங்கே உண்பவர் இன்னும் வேண்டுமோ, உவர்ப்புக் கூடியதோ, புளிப்புக் குறைந்ததோ என்று அவர் முகக்குறிப்பை இவர் நோக்கி நிற்க வேண்டும். அங்கே ஒரு முறை வென்றால் ஆண்டுக்கணக்கில் பேசுவர். இங்கே இன்று இட்ட சோறு இன்றோடு முடிந்தது. நாளை மீண்டும் உலை வைக்க வேண்டும்.

ஆயினும் படையில் கற்றவை வீண் போகவில்லை. காலம் தவறாமை, சொன்ன சொல் காத்தல், இன்னல் வந்தபோது நிலைகுலையாமை, தம் பசியைப் பின்னே வைத்தல் ஆகிய இவை யாவும் படை கற்பித்த பண்புகளே. அவர் விட்டது வாளையும் அதிகாரத்தையும். ஒழுங்கை அவர் விடவில்லை. அதனை அடுக்களைக்குக் கொண்டுவந்தார்.

அடியார் முன்பு மிகவும் பணிந்து தம்மைச் சிறியராகவே வைத்து ஒழுகியமையால் அவருக்குச் சிறுத்தொண்டர் என்னும் பெயர் வழங்கலாயிற்று. பதவியை விடுவது எளிது. ஒரு நாளில் விட்டுவிடலாம். பதவியால் வந்த பெயரை விடுவது அரிது. அது நாவிலும் நடையிலும் மீசையிலும் கூடத் தங்கியிருக்கும். இன்றும் படையினின்று வந்தவரை ஊரார் ‘மிலிட்டரிக்காரர்’ என்றே அழைக்கின்றனர். முப்பது ஆண்டு உழவு செய்தாலும், கடை வைத்து நடத்தினாலும், அப்பெயரே நிற்கின்றது. செங்காட்டங்குடியாரை ‘வாதாபி கொண்டவர்’ என்று அழைத்திருக்கலாம், அழைக்கவில்லை. புதிய பணி அவ்வளவு முழுமையாக அவரைப் பற்றிக்கொண்டது. ‘பெருந்தளபதி’ என்று இருந்தவர் ‘சிறு’ என்னும் அடைமொழியை மனம் கூசாது ஏற்றார். அவர் வென்ற கோட்டைகளுள் இதுவே பெரியது என்பது எம் துணிபு.

அதற்குப் பின்னரே சோதனை வந்தது. பைரவ வேடத்தில் வந்த இறைவன் கேட்டதும், சிறுத்தொண்டரும் திருவெண்காட்டு நங்கையும் சீராளதேவரை அளித்ததும், முடிவில் அழைத்த குரலுக்குப் பிள்ளை ஓடி வந்ததும் நீங்கள் அறிந்தவையே. இதில் ஒன்றை மட்டும் சொல்லுகின்றோம். வாதாபி வீழ்ந்த நாளில் எத்தனை வீடுகளில் பிள்ளைகள் திரும்பி வரவில்லையோ, எண்ணியவர் இல்லை. அப்படையை நடத்தியவர் வீட்டு வாசலிலேயே பிள்ளையைக் கேட்டு ஒருவர் வந்து நின்றார். சேக்கிழார் இவ்விரண்டையும் முடிச்சிட்டுச் சொல்லவில்லை. யாமும் துணிந்து முடிச்சிடோம். கேட்பவர் நெஞ்சில் அந்நினைவு தானாக எழுமாயின், அதனை அடக்க வேண்டுவதில்லை.

நிலைத்தது எது?

இனி வரலாறு தரும் தீர்ப்பைக் காண்போம்.

வாதாபி வீழ்ந்தது 642-இல். புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் அந்நகரை மீட்டு அரசமைத்தது 655-ஐ ஒட்டி. அத்தனை யானையும் குதிரையும் உயிரும் கொடுத்துப் பெற்ற வெற்றியின் ஆயுள் 13 ஆண்டுகள். அதன்பின் சாளுக்கியப் படை மீண்டும் பல்லவ நாட்டினுள் புகுந்தது. நூறாண்டு கழிவதற்குள் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியினுள்ளேயே வந்து நின்றான். வாளால் எழுதிய கணக்கை வாளே அழித்தது.

செங்காட்டங்குடியில் இட்ட சோற்றின் கணக்கோ வேறு. முதலாம் இராசராசன் எடுத்த தஞ்சைப் பெரிய கோயிலில், அக்கோயில் ஸ்ரீகாரியம் செய்த ஆதித்தன் சூரியன் என்னும் தென்னவன் மூவேந்தவேளான் எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகளைக் கல்வெட்டு வரிசைப்படுத்துகின்றது. அவற்றுள் சிறுத்தொண்ட நம்பி, திருவெண்காட்டு நங்கை, சீராளதேவர் ஆகிய மூவரும் பைரவரோடு காணப்படுகின்றனர். பல நாடுகளை வென்ற இராசராசனது கோயிலில், வாதாபியை வென்றவர் மனைவியோடும் மகனோடும் இல்லறத்தாராகவே நின்றார். செங்காட்டங்குடியில் சித்திரைப் பரணியில் அமுது படையல் விழா இன்றும் நடைபெறுகின்றது.

இதனினும் வியப்புடையது ஒன்று உண்டு. கன்னட நாட்டில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பசவண்ணர் தம் வசனங்களில் சிரியாளர் என்னும் அடியாரைப் போற்றுகின்றார். அச்சிரியாளர் வேறு யாருமல்லர், நம் சிறுத்தொண்டரே. அங்கே மக்கள் அவரைச் சிரியாளச் செட்டி என்று வழங்குவர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பால்குரிகி சோமநாதர் தெலுங்கில் இயற்றிய பசவபுராணமும் அவர் கதையைக் கூறும். பின்னர் ஸ்ரீநாதர் பாடிய ஹரவிலாசத்திலும் அவர் காஞ்சிநகர் வணிகராகவே வருகின்றார். போரும் வாதாபியும் யானையும் அக்கதைகளில் மறைந்துவிட்டன. அடியார்க்கு இட்ட அமுது ஒன்றே எஞ்சியது.

பசவண்ணர் இறைவனோடு ஒன்றிய கூடலசங்கமமும், பரஞ்சோதியார் அழித்த வாதாபியும் இன்று ஒரே மாவட்டத்தில், கருநாடகத்துப் பாகல்கோட்டை மாவட்டத்தில் உள்ளன. எந்த நாட்டின் தலைநகரை அவர் இடித்தாரோ, அந்த நாடே அவர் வாளை மறந்து, அவர் கை அகப்பையை நினைவில் வைத்துக் கொண்டாடுகின்றது. பகை நாட்டார் நாவிலும் பெயர் வாழும்படி செய்த வெற்றி எது? அது களத்தில் பெற்றதன்று என்பது வெளிப்படை.

இவ்வரலாற்றை எழுதிய சேக்கிழாரும் பதவியின் சுவை அறிந்தவர். குன்றத்தூரில் தோன்றி, இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) அவையில் அமைச்சராக விளங்கியவர். தில்லையில் இருந்து திருத்தொண்டர் புராணம் பாடி அரங்கேற்றிய பின், தொண்டர் சீர் பரவுவார் என்னும் திருப்பெயர் பெற்று அங்கேயே தொண்டில் அமர்ந்தார் என்று அவர் புராணம் கூறும். அரசாங்கத்தில் தமக்கு இருந்த பொறுப்பு அவர் தம்பி பாலறாவாயரைச் சேர்ந்தது. வேந்தன் பரஞ்சோதியாருக்கு விடை கொடுத்த பகுதியை அத்தனை பரிவோடு அவர் பாடியதன் காரணத்தை இதிலிருந்தும் உணரலாம்.

இன்றைய படைவீரர்

இது பழங்கதை மட்டுமன்று. மழையை நம்பி விதைக்கும் நம் ஊர்களில், வீட்டில் ஒரு பிள்ளை பட்டாளத்தில் இருப்பது பெரும்பலம். மாதந்தவறாது வரும் அவன் சம்பளமே குடும்பத்தின் வாய்க்கால். கல்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்கள் தம் முன்னோர் காஞ்சியினின்று மலையேறி வந்தவர் என்று வழிவழியாகச் சொல்வர். மலையாளி என்னும் பெயர் இங்கே மலையை ஆள்பவரைக் குறிக்கும், கேரளத்தாரை அன்று. பழைய வாழ்வை விட்டுப் புதிய நிலத்தில் சாமையும் தினையும் விதைத்துக் காலூன்றியவர் அவர்கள். 1976 வரை சாகிர்தார்களின் கீழ் இருந்த அம்மலையில், அரசாங்க வேலையின் அருமை கீழ்நாட்டிலும் மிகுதி.

அத்தகைய வேலையை ஒருவன் விடும்போது வீடு கலங்கும். சிப்பாயாகச் சேர்ந்தவன் 15 ஆண்டு பணி நிறைந்தால் ஓய்வூதியத்தோடு திரும்பலாம். அப்போது அவனுக்கு வயது நாற்பதைக்கூட எட்டியிராது. 2022-ஆம் ஆண்டு சூன் 14-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தோர்க்கு நான்கே ஆண்டு. அவர்களுள் நூற்றுக்கு 25 பேர் வரை நிலைப்பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவர். ஏனையோர் ஏறத்தாழ 11.71 இலட்சம் ரூபாய் சேவை நிதியோடு வெளிவருவர், ஓய்வூதியம் இல்லை. முன்பு நாற்பதில் எழுந்த கேள்வி இனி இருபத்தைந்துக்கு முன்னரே எழும். விரும்பி விடுபவர்க்கும், விதிப்படி விடுபவர்க்கும் அது ஒரே கேள்வி. இனி நான் யார்?

அவர்களுக்குச் சிறுத்தொண்டர் வரலாறு சொல்வது இதுதான். செய்த தொழிலை இழிவாக எண்ண வேண்டா. அதன் பெருமையைச் சுமந்துகொண்டும் திரிய வேண்டா. அங்கே கற்ற ஒழுங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பெற்ற பட்டத்தைக் களத்திலேயே விட்டு வாருங்கள். புதிய பணி சிறிதாகத் தோன்றலாம். கடையில் நிறுத்தல் அளத்தலாகவோ, பள்ளி வாசலில் காவலாகவோ, ஏர் பிடிப்பதாகவோ இருக்கலாம். நாள்தோறும் தவறாது செய்யப்படும் சிறிய பணியே நெடுங்காலம் நிலைக்கின்றது என்பதற்கு வாதாபியும் செங்காட்டங்குடியும் சான்று.

ஊராருக்கும் அரசினருக்கும் அவ்வரலாறு சொல்வது வேறொன்று. வேந்தன் பிழை பொறுக்க வேண்டினான்; நிதி அளித்தான்; வணங்கி அனுப்பினான். பாதுகாப்பு அமைச்சகத்தில் மறுவாழ்வுக்கென ஓர் இயக்குநரகம் உண்டு. முன்னாள் படைவீரர் நலன் அலுவலகங்களும் உண்டு. ஆயினும் கையெழுத்திட்டு அனுப்பும் காகிதம் மட்டும் மரியாதை ஆகிவிடாது. எல்லையில் பனியில் நின்றவன் சான்றிதழ் ஒன்றுக்காக வாசலில் நிற்கும்போது, அவனை அமரச் சொல்லிப் பேசுகிறோமா என்பதே நமக்குரிய சோதனை. உயிரோடு திரும்பியவனுக்கு நடுகல் இல்லை என்று முன்னே சொன்னோம். கல் வேண்டியதில்லை. அவனுக்கு ஊரில் ஓர் இடம் வேண்டும்.

கல்வராயன் மலையில் பிறந்து வரும் மணிமுத்தாறு திருமுதுகுன்றத்தைத் தழுவிச் செல்கின்றது. இறைவன் அங்கே அருளிய பொன்னைச் சுந்தரர் அந்த ஆற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது நாம் அறிந்த அருட்செயல். இட்ட இடம் வேறு, எடுத்த இடம் வேறு, பொன் குறையவில்லை. பரஞ்சோதியார் காஞ்சியில் விட்டதை, அத்திருவாரூருக்கு அணித்தாகிய செங்காட்டங்குடியில் எடுத்தார். நேர்மையோடு ஒரு பணியில் இட்டது எதுவும் வீண் போகாது. இறைவன் வேறோர் இடத்தில் அதனைத் திருப்பித் தருவான். நம் ஊர்களுக்குத் திரும்பி வரும் பிள்ளைகள் யாவரும் தாம் இட்ட பொன்னை இங்கே எடுக்கும்படி எல்லாம் வல்ல பெருமான் திருவருள் புரிவானாக.

திருச்சிற்றம்பலம்.